டிப் போட்டால் புழு சாகும், முட்டை சாகாது: பவளம் தின்னும் பூச்சிகளைச் சமாளிப்பது எப்படி

ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து ஏழெட்டு மாதம் ஆகி, தண்ணீர் ஒரு நிலைக்கு வந்து, தைரியமாக அக்ரோபோரா, மான்டிபோரா மாதிரியான முதல் கல்பவளத்தை வாங்கி வைக்கிற கட்டத்தில்தான் இந்தத் தலைவலி வந்து சேரும். பவளம் வளராது, நிறம் வெளுக்கும், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை எலும்பு, அதாவது திசுவுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு, தெரியும். கடையில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: லைட்டைக் குறை, இல்லை லைட்டைக் கூட்டு, பாஸ்பேட் பார், அமினோ ஊற்று. பவளத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒன்று அதைத் தின்கிறது என்பது கடைசியில்தான் தோன்றும்.

அக்ரோபோராவை (சுருக்கமாக அக்ரோ) தின்னும் தட்டைப்புழு, மான்டிபோராவை (மான்டி) தின்னும் நூடிபிராங்க் (நூடி) என்கிற ஓடில்லாக் கடல் நத்தை, இந்த இரண்டையும் இங்கே விரிவாகப் பார்ப்போம். மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடலாம். ஆனால் எதற்கும் முன்னால் ஒரு விஷயம். பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பதை, அதாவது டிப் போடுவதை, பலர் முழுச் சிகிச்சை என்றே நினைக்கிறார்கள். டிப் நடமாடுகிற புழுவைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. ஒரு டிப் போட்டு, பத்துப் புழு செத்து விழுந்ததைப் பார்த்து நிம்மதியாகி, பவளத்தைத் தொட்டியில் திரும்ப வைத்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்து அதே பிரச்சினை இரண்டு மடங்காகத் திரும்பி வரும். முட்டையை எங்கே தேடுவது, எப்படி அழிப்பது, தப்பிய முட்டை பொரிந்த பிறகு குஞ்சை எப்போது பிடிப்பது, இவ்வளவுதான் வேலை. மீதியெல்லாம் அதற்குத் துணை.

தண்ணீரா, பூச்சியா?

முதலில் ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவை, அளந்துவிடுங்கள். அதன் அலகு டிகேஎச். 7-க்கும் 9-க்கும் இடையே எந்த டிகேஎச்-இல் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்குள்ளேயே ஒரு டிகேஎச்-க்கு மேல் ஏறி இறங்கினால் அக்ரோவின் நுனிகள் கருகும், அதற்குப் பூச்சியைக் குறை சொல்ல முடியாது. உப்பு அடர்த்தியையும் வெப்பத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்து, யார் யாருக்கு நோவு என்று பாருங்கள். தண்ணீர் கெட்டால் தொட்டியில் பலவகைப் பவளமும் சேர்ந்து வாடும். பூச்சி அப்படியில்லை, வாய்க்கு ருசி பார்க்கும் ஜாதி அது. அக்ரோ தட்டைப்புழு அக்ரோவை விட்டு வேறெதையும் தொடாது. மான்டி நூடி மான்டியோடு சரி. ஸோவா நூடி, ஸோவா என்கிற பொத்தான் போன்ற பவளத்தை மட்டும் தின்னும். ஆகவே பக்கத்தில் மான்டியும் பேர்ட்ஸ் நெஸ்ட் பவளமும் செழித்துக்கொண்டிருக்க அக்ரோக்கள் மட்டும் ஒவ்வொன்றாக மங்கினால், சந்தேகத்தைத் தண்ணீர் மேல் வைக்காதீர்கள். புதியவர்கள் கையில் இருக்கிற மிக நல்ல கருவி இந்தக் கவனிப்புதான், செலவும் கிடையாது.

தேடுவது எப்படி

லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்ச டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பம்புகளை நிறுத்திவிட்டால் தண்ணீர் ஆடாமல் தெளிவாகத் தெரியும். பவளத்தின் மேல்பக்கத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கிளைகளின் அடிப்பக்கம், நிழல் விழும் பக்கம், பவளம் ப்ளக்கோடு (அதை ஒட்டி விற்கும் சின்ன அடிக்கட்டை) ஒட்டியிருக்கும் விளிம்பு, இவைதான் இடம்.

அக்ரோ தட்டைப்புழுவை நேரடியாகக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். உடம்பு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், அதுவும் போதாதென்று தின்ற பவளத்தின் நிறமே அதற்கும் ஏறிவிடும். வளர்ந்தது ஒரு சென்டிமீட்டரைத் தொட்டாலும், கிளையோடு அப்பிக்கொண்டு கிடந்தால் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்திலும் தெரியாது. கடித்த தடத்தைத்தான் தேட வேண்டும். இந்தப் புழு குழாய் போன்ற தொண்டையை வெளியே நீட்டித் திசுவை உறிஞ்சுகிறது, அதனால் தடம் வட்டமாக, சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், வெளிறிய புள்ளியாக விழும். ஒரு கிளையின் நிழல் பக்கத்தில் ஒரே அளவில் இப்படிப் பல புள்ளிகள் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

முழு உறுதிக்கு பேஸ்டர் வேண்டும். சமையல்கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் பிழிகுழாய்தான். ஒரு வெள்ளைத் தட்டில் தொட்டித் தண்ணீர் ஊற்றி, பவளத்தை அதில் பிடித்துக்கொண்டு, பேஸ்டரால் கிளைகளுக்கு நடுவே பலமாக அடியுங்கள். பவளத்தோல் உரிந்து விழுகிற மாதிரி ஒரு துணுக்கு விழும். விழுந்த துணுக்கு தட்டில் ஓரம் மடங்கி, மெல்லச் சுருண்டு, அப்புறம் தானே நிமிர்ந்து ஊர ஆரம்பித்தால், அதுதான் ஆள்.

முட்டைகள் உயிருள்ள திசுவின் மேல் இருக்காது. திசு முடிந்து வெற்று எலும்பு தொடங்கும் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, பொன்னிறமோ பழுப்போ ஆன நுண்ணிய புள்ளிகளாக, நெருக்கமாக ஒரு திட்டில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறை, ஒரே உறைக்குள் பல குஞ்சுகள் இருக்கலாம். பொரித்து முடிந்த உறைகள் காலியாக, நிறமில்லாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காலி உறை இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, உள்ளே இருந்தவை வெளியே வந்துவிட்டன என்று அர்த்தம்.

மான்டி நூடி இதைவிட எளிது, ஏனென்றால் வெள்ளை. சில மில்லிமீட்டர் நீளம், முதுகில் சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற அமைப்பு. தட்டு வடிவ மான்டியின் அடிப்பக்கத்திலும் ஓரத்திலும் வேலையை ஆரம்பிக்கும். ஓரம் வெள்ளையாகித் தின்ற கோடு உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். தின்ற வெள்ளைப் பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே, அந்தக் கோட்டிலேயேதான் நூடி உட்கார்ந்திருக்கும். முட்டை, வெள்ளைத் திட்டுகளாக அடிப்பக்கக் குழிகளில்.

இவற்றைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. அக்ரோ தட்டைப்புழுவை ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்கள் பல வருடம் திட்டித் தீர்த்த பிறகு 2011-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கடலில் அது எங்கே வாழ்கிறது என்பதே 2012-இல், ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. மான்டி நூடிக்கு அறிவியல் பெயர் கிடைக்க 2020 ஆனது. கடலில் இவை எளிதில் கண்ணில் படாததற்கு அவற்றின் உருமறைப்பு ஒரு காரணம். பொறுக்கித் தின்னும் மீனும் நண்டும் அங்கே ஏராளம் என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் தொட்டியில் தீனி மட்டும் இருக்கிறது, தின்பதைத் தின்ன ஆள் இல்லை.

தப்பாகக் கொல்லப்படுபவர்கள்

பயத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிப் போடுவார்கள். அக்ரோ கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் வழுவழுப்பான குட்டி நண்டு டிராபீசியா, பவளத்தின் காவல்காரன். கடலில் பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திரமீன் வந்தாலே கடித்து விரட்டும். அது இருந்தால் விட்டுவிடுங்கள், டிப்புக்கு முன்னால் முடிந்தால் வெளியே எடுத்துக் காப்பாற்றுங்கள். சாதாரண ப்ரிஸ்டில் வார்ம் எச்சில் பொறுக்கி, செத்துக்கொண்டிருக்கும் பவளத்தில் அதைப் பார்த்து அதுதான் கொன்றது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும். குட்டி நட்சத்திரமீன் ஆஸ்டெரினா பெரும்பாலும் கண்ணாடிப் பாசியோடு நிறுத்திக்கொள்ளும், சில வகை மட்டும் ஸோவாவில் கை வைக்கும். யூஃபிலியா பவளத்தின் மேல் துருப்பிடித்த வட்டங்களாகத் தெரியும் வாமினோவா தட்டைப்புழு பார்க்க அசிங்கம், ஆனால் பவளத்தைத் தின்பது அதன் முதல் வேலை இல்லை. எண்ணிக்கை பெருகிப் பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டால் மட்டும் டிப் போட்டு எடுங்கள்.

புதுப் பவளம் வீட்டுக்கு வந்தவுடன்

முதல் வேலை, ப்ளக்கைக் கழற்றித் தூக்கி எறிவது. முட்டையும் நூடியும் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது. கடைக்காரர் கொடுத்த ப்ளக்கோடு அப்படியே தொட்டியில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எலும்பு வெட்டும் கட்டரால் பவளத்தை ப்ளக்குக்கு மேலே வெட்டி எடுங்கள். அடியில் திசு இல்லாத வெற்று எலும்பு நீளமாக இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மான்டி தட்டாக இருந்தால் அடிப்பக்கத்தில் செத்த பகுதியை உடைத்து எறியுங்கள். கொஞ்சம் சின்னதாகிப் போனாலும் சுத்தமான பவளம் கிடைக்கும்.

அப்புறம் டிப். மூன்று பாத்திரத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மருந்து, இரண்டில் அலச. தண்ணீர் தொட்டியின் அதே வெப்பத்திலும் உப்பிலும் இருக்க வேண்டும். மருந்து என்றால் பவளத்துக்கென்றே விற்கும் டிப் திரவங்கள். கோரல் ஆர்எக்ஸ், ரிவைவ் மாதிரியானவை பல ஊரில் கிடைக்கின்றன. அளவும் நேரமும் புட்டியில் போட்டிருப்பதுதான், அனுபவஸ்தர் சொன்னார் என்று இரட்டிப்பாக ஊற்ற வேண்டாம். பவளம் உள்ளே இருக்கும் அந்தச் சில நிமிடமும் சும்மா நிற்காதீர்கள், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பேஸ்டரால் எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டே இருங்கள். மயங்கிய புழுவும் பிடியை விடாது, அடித்தால்தான் விழும். முடிந்ததும் இரண்டு பாத்திரத்திலும் மாற்றி மாற்றி அலசுங்கள். டிப் பாத்திரத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அந்தக் கடையிலிருந்து இனி வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பாத்திரம் சொல்லிவிடும். மருந்துத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது.

அயோடின் டிப் போதுமா என்று கேட்பார்கள். வெட்டுக்காயத்துக்கு நல்லது, தட்டைப்புழுவுக்கு அதை நம்ப மாட்டேன். தோட்டத்துப் பூச்சிமருந்தில் முக்குகிறவர்களும் உண்டு. இமிடாக்ளோப்ரிட் கலந்தது வேலை செய்வதும் உண்மைதான், ஆனால் அந்த மருந்து இதற்காக விற்கப்படுவது இல்லை, ஊருக்கு ஊர் கலவையும் அடர்த்தியும் மாறும், சரியாக அலசாமல் தொட்டிக்குள் போனால் இறால் நண்டு எதுவும் மிஞ்சாது. முதல் வருடத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. வெவ்வேறு மருந்துகளை ஒரே பாத்திரத்தில் கலக்கிற ஆசையும் வேண்டாம்.

டிப் முடிந்த பவளத்தைப் புது ப்ளக்கில் ஒட்டும்போது, அடியில் மிச்சமிருக்கும் வெற்று எலும்பு முழுவதையும் சூப்பர்க்ளூ ஜெல்லால் மூடிவிடுங்கள். கண்ணுக்குத் தப்பிய முட்டை இருந்தால் அதற்குள்ளேயே புதைந்துபோகும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் டிப்பால் முடியாததை இந்தப் பசை செய்கிறது. ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பழைய பல் பிரஷால் நன்றாகத் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இதற்குப் பிறகும் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக்கூடாது. நாற்பது ஐம்பது லிட்டரில் ஒரு தனித்தொட்டி வேண்டும். மணலும் பாறையும் தேவையில்லை, ஒரு ஹீட்டர், ஒரு சின்னப் பம்ப், ஓரளவு நல்ல லைட், பவளத்தை வைக்கக் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டு (எக் க்ரேட்) ஒன்று. வாரத்துக்கு ஒரு தரமாவது பெரிய தொட்டித் தண்ணீரால் மாற்றி வாருங்கள், ஆல்கலினிட்டி தானாகவே ஒட்டி வரும். சின்னத் தொட்டி என்பதால் ஆவியாகி உப்பு ஏறுவதை மட்டும் தினமும் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் அங்கே வைத்து, வாரம் ஒரு டிப், ஒவ்வொரு டிப்புக்குப் பிறகும் அடியை பூதக்கண்ணாடியில் பார்ப்பது. கடைசி மூன்று நான்கு டிப்பில் ஒன்றுமே விழவில்லை என்றால் உள்ளே விடலாம். ஒரே ஒரு புழு விழுந்தாலும் கணக்கு முதலிலிருந்து.

ஏன் இவ்வளவு நாள்? தட்டைப்புழு முட்டை பொரிய வெப்பத்தைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் ஆகும், ஒரு திட்டில் உள்ளவை எல்லாம் ஒரே நாளில் பொரியவும் செய்யாது. தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். சிங்கப்பூர் மாதிரி வெக்கையான ஊரில் சில்லர் போட்டு 25 டிகிரியில் வைத்திருப்பவருக்கும், 28 டிகிரியில் விட்டுவிட்டவருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் சில வாரம் ஆகும். வாரம் ஒரு டிப் போட்டால், பொரிந்து வரும் ஒவ்வொரு குழுவையும் அது தாயாகும் முன்பே பிடித்துவிடலாம். நூடியின் காலம் இதைவிட வேகம், அதனால் மான்டிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை டிப் போடுவது நல்லது. நடுவில் ஒரு வாரம் சோம்பல்பட்டு விட்டால் அதுவரை செய்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால்

தட்டைப்புழு என்றால் இரண்டு வழி. முதலாவது, முழுத் தொட்டியிலும் இருக்கும் அக்ரோக்களை ஒன்று விடாமல் வெளியே எடுத்து, தனித்தொட்டியில் மேலே சொன்ன சுற்றை ஓட்டுவது. அந்த இரண்டு மாதமும் பெரிய தொட்டியில் ஒரு துண்டு அக்ரோகூட இருக்கக்கூடாது. தின்ன வேறெதுவும் கிடைக்காமல் மிச்சப் புழு பட்டினியில் சாகும். பாறை இடுக்கில் உடைந்து விழுந்த பழைய ஃப்ராக் (சின்னப் பவளத் துண்டு) ஒன்று உயிரோடு கிடந்தால் அது போதும், எல்லாம் பாழ்.

பாறையில் படர்ந்து ஒட்டிய பெரிய காலனிகள் இருந்தால் பாறையிலிருந்து முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. அப்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கடித்த தடம் இல்லாத மேல் நுனிகளை வெட்டி எடுத்து ஃப்ராக் ஆக்குங்கள். முட்டை வெற்று எலும்பில்தான் இருக்கும் என்பதால், முழுக்கத் திசு மூடிய நுனியில் முட்டை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நுனிகளுக்கு டிப், பசை, தனித்தொட்டி. மிச்சமுள்ள அடியைப் பாறையோடு வெளியே எடுத்துக் காயவிட்டுவிடுங்கள். நாலு வருடம் வளர்த்த காலனியை உடைக்க யாருக்குத்தான் மனது வரும், ஆனால் அதை விட்டுவைத்துத் தொட்டி முழுக்கப் பரவியதைப் பார்ப்பதற்கு இது தேவலை.

இரண்டாவது வழி, ஒழிக்காமல் கட்டுக்குள் வைத்திருப்பது. தினமும், மீன்கள் விழித்திருக்கும் பகல் நேரத்தில், பம்பை நிறுத்தாமல் பேஸ்டரால் அக்ரோக்களை அடித்துவிட்டால் விழும் புழுவை மீன்கள் பிடிக்கும். ஆறுகோட்டு ராஸ், மஞ்சள் கோரிஸ் ராஸ் இரண்டும் இந்த வேலைக்குப் பேர் போனவை. ஆஸ்திரேலியாவில் செய்த சோதனைகளில் ஆறுகோட்டு ராஸ் புழுவையும், பெப்பர்மின்ட் இறால் வகை ஒன்று முட்டை உறைகளையும் தின்றன. ஆனால் முழுசாக ஒழித்துத் தரும் என்று நம்பி மீனை வாங்காதீர்கள். ஆறுகோட்டு ராஸ் வளர்ந்தால் ரவுடி, சின்னத் தொட்டியில் மற்ற மீன்களை விரட்டும், அதைக் கடைசியாக விடுவதுதான் முறை. மஞ்சள் கோரிஸுக்கு இரவில் புதைந்து தூங்க மணல் வேண்டும், வெற்று அடித்தொட்டியில் விடாதீர்கள்.

மான்டி நூடிக்கும் இதே வழிகள்தான், ஆனால் என் அபிப்பிராயம் வேறு. மான்டி வேகமாக வளரும், விலையும் அக்ரோ அளவுக்கு இல்லை. ஒரே ஒரு மான்டியில் மட்டும் நூடி தெரிந்தால், அதிலிருந்து ஓரமில்லாத சுத்தமான ஒரு துண்டை வெட்டித் தனித்தொட்டிக்கு அனுப்பிவிட்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இரண்டு மாதம் நாலு நாளுக்கொரு தரம் முழுக் காலனியோடு மல்லுக்கட்டுவதைவிட அது லாபம்.

மற்றவை

சிவப்புப் பூச்சி: அரை மில்லிமீட்டர் அளவுள்ள கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலி, மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி, வழுவழுப்பான தோலுள்ள அக்ரோக்களில் அதிகம். பாலிப் (பவளத்தின் பூப்போன்ற உடல்) வெளியே வராது, நிறம் மங்கும், ஆனால் உடனே கொல்லாது. நாய்களுக்கு இதயப்புழுவுக்காகக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரையைத் தொட்டியில் கரைத்து இதை ஒழிக்கிறார்கள். கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதைத் தேடிப் போகாதீர்கள், அது பூச்சியோடு சேர்த்து இறால், நண்டு எல்லாவற்றையும் கொல்லும். பவளத்தை வெளியே எடுக்க முடிந்தால் திரும்பத் திரும்ப டிப் போடுவதே போதும்.

ஸோவாவுக்குத் தனிக் கூட்டமே உண்டு: தின்ற ஸோவாவின் நிறத்துக்கே மாறும் நூடி, மெலிந்த கால்களோடு பாலிப்புகளுக்கு நடுவே நடக்கும் கடல் சிலந்தி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட தட்டையான சன்டயல் நத்தை. நத்தையையும் சிலந்தியையும் இடுக்கியால் எடுத்துவிடலாம், நூடிக்கு டிப்பும், சுருள் சுருளாக இருக்கும் முட்டையைத் தேய்த்து எடுப்பதும்.

ஆனால் ஸோவா விஷயத்தில் பூச்சியைவிடப் பெரிய ஆபத்து ஸோவாவேதான். இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கிறது. தேய்க்கும்போதும் வெட்டும்போதும் தண்ணீர் கண்ணில் தெறிக்கலாம், கையில் கீறல் இருந்தால் உள்ளே போகலாம். கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். பூச்சியை ஒழிக்கிறேன் என்று ஸோவா ஒட்டிய பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது, ஆவியில் நச்சு பரவும். 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் ஒருவர் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று, வந்த தீயணைப்பு வீரர்களில் சிலரும் சேர்ந்து. பாறையைச் சுத்தம் செய்த பிறகு வாயில் உலோகச் சுவை, மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்ப் பவளம், பாலிடாக்சின் என்ற இரண்டு வார்த்தையையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரிய ஆட்களும் உண்டு. உயிர்ப்பாறையோடு (உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடல்பாறை) வரும் மயிரடர்ந்த, இடுக்கி நுனி கறுத்த நண்டு வளர்ந்தால் பவளத்தையும் பிய்க்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு போட்டு, பாறையில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் உள்ளே உட்கார்ந்திருக்கும், வழுவழுப்பான சுவரில் ஏறி வெளியே வர முடியாது. பாறைக்குள் ஒளியும் நீளமான யூனிசிட் புழுக்கள் இதைவிட மோசம். 2009-இல் இங்கிலாந்தின் நியூகே ஊரிலுள்ள ப்ளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் அடிக்கடி சேதமாகிக்கொண்டே இருந்தன, கடைசியில் பாறையையெல்லாம் பிரித்துப் பார்த்தால் நாலடி நீளப் புழு ஒன்று. பராமரிப்பாளர்கள் தினமும் பார்த்துக்கொள்ளும் தொட்டியிலேயே அது அவ்வளவு வளர முடிந்தது என்றால், இரவு தேடுதலை ஏன் வலியுறுத்துகிறேன் என்று புரியும். இதைப் பாதியில் வெட்டிவிடாதீர்கள், அது இருக்கும் பாறையையே வெளியே எடுத்துவிடுங்கள்.

பட்டர்ஃப்ளை மீனும் பெரிய ஏஞ்சல் மீன்களும் பவளத்தைக் கொத்தும். கடையில் ரீஃப் சேஃப், அதாவது பவளத்தைத் தொடாது, என்று சொன்னாலும் நம்பாமல் அந்தந்த இனத்தின் உணவை விசாரித்து வாங்குங்கள்.

கடித்த பவளத்தைத் தேற்றுவது

புழு போன பிறகும் கடித்த இடம் உடனே மூடாது. இந்த நேரத்தில் லைட்டை மாற்றுவது, புது மருந்து ஊற்றுவது, பவளத்தை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது எதுவும் வேண்டாம். ஆல்கலினிட்டி அசையாமல் இருக்கட்டும், தண்ணீர் ஓட்டம் நன்றாக இருக்கட்டும், மீன்களுக்குச் சாப்பாடு குறையாமல் போடுங்கள். திசு விளிம்பு தடித்து, வெற்று எலும்பின் மேல் புதுசாகப் படர ஆரம்பித்தால் பிழைத்துவிட்டது. படராமல் வெள்ளைப் பகுதி பாசி பிடித்துக்கொண்டே போனால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

எறிவதிலும் முறை உண்டு. பாதித்த பவளத்தையும் பழைய ப்ளக்குகளையும் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கடலோரம் வீடு என்று கடலில் விட்டுவிடாதீர்கள், எந்தக் கடலிலிருந்து வந்த புழு என்று நமக்குத் தெரியாது. பேஸ்டர், இடுக்கி, தட்டு எல்லாம் தனித்தொட்டிக்கு ஒரு செட், பெரிய தொட்டிக்கு ஒரு செட்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் அதே அட்டவணைதான். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது அக்ரோவோ மான்டியோ விலை பேசினால், பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற வேலையே இல்லை, அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஃப்ராக் மாற்றிக்கொள்ளும்போது, தங்கள் தொட்டியில் எப்போதாவது தட்டைப்புழுவோ நூடியோ இருந்ததென்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. அவர் தனித்தொட்டியில் எத்தனை வாரம் வைக்க வேண்டும் என்பதை அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.